நத்தைக்கு நன்றி

"யாரு என்ன சொன்னாலும் அப்படியே செஞ்சிடுமா? உங்க அக்கா பேச்சைக் கேட்டு நீங்க ஆடுற மாதிரியா?"

மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். தோள்பையைக்கூட இறக்காமல் சோபாவில் சரிந்திருந்த அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அதேதான்! எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சுருக்கமா சொல்லிட்டே!"

கல்லூரியில் படிக்கும்போது அவன் எழுதிய சின்னக் கம்ப்யூட்டர் நிரல் அது. மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் சேர்த்துக்கொள்ளும் அந்த மாதிரி நிரலை லைப்ரரி என்பார்கள். பட்டியல்களைப் படித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் சும்மா போட்டுவைத்திருந்தான். மருந்துக்கடை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று அவன் கண்ணால் பார்க்காத இடங்களில் எல்லாம் அது ஓடிக்கொண்டிருந்தது.

அதில்தான் ஓட்டை.

"பட்டியல்ல ரெண்டு கூட்டல் மூணுன்னு எழுதியிருந்தா, அஞ்சுன்னு தானா காட்டட்டும்னு அப்போ ஒரு வரி எழுதினேன். அந்த வரிக்கு நல்லது கெட்டது தெரியலை. கூட்டச் சொன்னா கூட்டும், கொளுத்தச் சொன்னா கொளுத்தும். எவனாவது ஒரு கட்டளையை பட்டியலுக்கு நடுவுல ஒளிச்சு வெச்சா போச்சு. ஒரு ஆஸ்பத்திரியோட மொத்தக் கம்ப்யூட்டரும் திருடன் கைக்குப் போயிடும்."

"ஐயையோ! இத்தனை வருஷமா யாருமே பார்க்கலையா?"

"ஒருத்தர் பார்த்தார். நத்தைன்னு பேர் வெச்சுக்கிட்டிருக்கார். ஆணா பெண்ணா, எந்த ஊரு, எதுவும் தெரியாது. எனக்கு மட்டும் தனியா எழுதினார்."

"ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கலையா?"

"அதுதான் எங்க தொழில்ல மரியாதை. தப்பைக் கண்டுபிடிச்சவங்க மூணு மாசம் வாயைத் திறக்க மாட்டாங்க. அதுக்குள்ள நாமளே சரிபண்ணி, நாமளே வெளியில சொல்லிடணும். சொல்லலைன்னா அவங்க சொல்லிடுவாங்க. நாளையோட கெடு முடியுது."

"அடப்பாவி! என்ன பண்ணினீங்க?"

"அடைச்சேன். வேற பக்கமா ஒழுகிச்சு. திரும்ப அடைச்சேன், திரும்ப ஒழுகிச்சு. ஒவ்வொரு தடவையும் நத்தை பொறுமையா எழுதுவார், 'இந்த மூலையில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது நண்பரே'ன்னு. இன்னைக்கு மத்தியானம்தான் ஒருவழியா முழுசா அடைஞ்சுது."

"மத்தியானமா? ஆபீஸ் வேலையை விட்டுட்டு இதைப் பார்த்தீங்களா? மேனேஜர் திட்டலை?"

"அவரு... இன்னைக்கு வரலை." ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

போன் அடித்தது. அவனுடைய அக்கா. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இவன் என் போனையே எடுக்க மாட்டேங்கறான். என் பையன் படிப்பை முடிச்சுட்டு வீட்ல உட்கார்ந்து என் உயிரை வாங்கறான். உன் வீட்டுக்காரன் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி உள்ளே இழுத்து விடக் கூடாதா?"

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. பதில் தேடி வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அங்கே இப்ப புதுசா யாரையுமே எடுக்கலையாம் அண்ணி. எடுத்தா இவர் முதல்ல உங்களைத்தானே கூப்பிடுவார்? இப்பதான் ஆபீஸ்லேர்ந்து களைச்சுப்போய் வந்திருக்கார், பாவம். அப்புறமா பேசச் சொல்றேன்."

அவள் போனை வைத்ததும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "காப்பாத்தினே தாயே!"

"போதும் நடிப்பு. வெளியில சொல்லியாச்சா, இல்லையா?"

"சொல்லிட்டேன். 'தவறு என்னுடையது, கண்டுபிடித்துக் காப்பாற்றியவர் நத்தை'ன்னு என் பேரைப் போட்டு எழுதினேன். அனுப்பக் கையே வரலை. கண்ணை மூடிக்கிட்டு அனுப்பிட்டேன்."

"காறித் துப்பினாங்களா?"

"அதுதான் அதிசயம். 'நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி'ன்னு ஆளாளுக்கு எழுதறாங்க. நெஞ்சுல இருந்த பாரமே இறங்கிடுச்சு."

"சொல்லிட்டா பாரம் இறங்கிடும்ங்கறீங்க."

"ம்..." அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு அவள் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நத்தையை நேர்ல பார்த்தா என்ன பண்ணுவீங்க?"

"தடால்னு கால்ல விழுவேன்! யோசிச்சுப் பாரு. என் தப்பு முழுக்கத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விட்டிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். கேலி பண்ணலை, குத்திக் காட்டலை. நானே சொல்லுவேன்னு நம்பிக் காத்திருந்தாரே... பெத்தவங்களுக்குக்கூட அந்தப் பொறுமை வராது. அவருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

அவள் இரண்டு கால்களையும் மெதுவாக அவன் பக்கம் நீட்டினாள்.

"அப்ப விழுங்க."

அவன் வாய் பிளந்தது. "நீயா? நீதான் நத்தையா?"

"நானா? எனக்குக் கம்ப்யூட்டரை அணைக்கவே நீங்க வரணும்." அவள் சிரித்தாள். ஆனால் கண்கள் கலங்கியிருந்தன. "உங்க ஆபீஸை இழுத்துப் பூட்டிட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சு இன்னையோட மூணு மாசம் ஆகுதுங்க. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலை."