சிரமத்துக்கு வருந்துகிறோம்

தெருமுக்கு மின்கம்பத்தில் கண்டெய்னர் லாரி இழுத்து வயர் அறுந்து தொங்குவதைக் கண்டதுமே, கேபிள்காரர் ரோச் தன் வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டார்: ‘இன்டர்நெட் மாலைக்குள் சரியாகும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

பிறகு ஏணியில் ஏறி, மண்டை காயும் வெயிலில் ஒவ்வொரு இழையாக ஜாயின்ட் போட்டார்.

மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவி விஜிலாவுக்கு ஒரே ஆச்சரியம். “என்ன, இன்னைக்கு ஒருத்தரும் போன் போட்டு ஏசலியே?”

“ஏளா, நம்ம கஸ்டமர் எல்லாம் தங்கமான ஆளுக. முறையா ஒரு மெசேஜ் போட்டா பொறுத்துக்கிடுவாங்க” என்றார் ரோச், ஏணியைவிட இரண்டு படி உயர்ந்து.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. கீழே இறங்கி, ‘இன்டர்நெட் வந்துவிட்டது’ என்று அறிவிக்கப் போனவரின் கையில் ஒரு மக்ரூன் இனிப்புப் பாக்கெட் விழுந்தது. கொடுத்தவன், அதே தெருவில் போட்டிக்கு நெட் கொடுக்கும் நேசக்குமார்.

“அண்ணாச்சி, ‘ரோச் நெட்டு மட்டும் நல்லா ஓடுதே’ன்னு காலையிலருந்து என் கஸ்டமர் எல்லாம் என்னைய ஏசித் தீத்துட்டாங்க. நீங்க என்னடான்னா, வெயில்ல நின்னு என் வயர ஒட்டிக் குடுத்திருக்கிய!”

காலையில் வருந்தியது யாருடைய சிரமத்துக்கு என்பது ரோச்சுக்கு அப்போதுதான் உறைத்தது.

நேசக்குமார் பைக்கைக் கிளப்பினான். “அடுத்த முக்குலயும் நம்ம வயரு அறுந்து கெடக்கு, அண்ணாச்சி. நாளைக்கு எப்ப வாரிய?”