புல்லுக்கட்டு கேஸ்

"புல்லையும் சேர்த்தா சார் எடை போட்டீங்க?"

அனிதா கேட்ட வேகத்தில், எல்லைக் காவல் நிலையத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷிப்ட் பாதியில் கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தாள். சுவரோரம் தரையில் அவள் அம்மா செல்வம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், அவள் தலையில் சுமந்து வந்த புல்லுக்கட்டு. ஜூஜுவாடியில் வண்டிச் சோதனைக்கு நின்ற புது கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் மடக்கிப் பிடித்த பயங்கரச் சரக்கு அதுதான். புல்லுக்கு நடுவே அங்கங்கே கஞ்சாச் செடி தலை நீட்டியது.

"கலந்திருக்கில்ல? கலந்தா எல்லாம் ஒண்ணுதான். மொத்தம் இருபத்திரண்டு கிலோ," என்றார் இன்ஸ்பெக்டர் ஹரீஷ்குமார்.

"வேர்ல ஒட்டின மண்ணு?"

"அதுவும்தான்."

"கட்டின கயிறு?"

"ஏய், என்ன நக்கலா?"

நக்கல் இல்லை, வயிற்றெரிச்சல். இருபது கிலோவைத் தாண்டிவிட்டால் ஜாமீன் லேசில் கிடைக்காது என்று வக்கீல் போனில் சொல்லியிருந்தார். இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கிற அம்மா, மாட்டுக்குப் புல் அறுத்த குற்றத்துக்கு வருஷக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டுமா?

"சார், நான் வக்கீல்கிட்ட கேட்டுட்டுத்தான் வர்றேன். பூவும் காயும் இருக்கிற நுனிதான் கஞ்சாவாம். வெறும் இலை கணக்குல வராதாம். இதுல பூ எங்க இருக்கு, காட்டுங்க."

"அது வக்கீல் சட்டம். இங்க இலை, தண்டு, வேரு எல்லாமே கஞ்சாதான்."

"போன மாசம் எங்க பக்கத்து வீட்டுக்காரரை இதே மாதிரி இலையோட அந்தப் பக்கம் கர்நாடகா போலீஸ் பிடிச்சாங்க. 'ஹூவில்லா, பரீ எலெ', பூ இல்ல, வெறும் இலைதான்னு சொல்லி அப்பவே விட்டுட்டாங்க. எங்க வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம். ரோட்டுக்கு அந்தாண்ட வெறும் இலை, இந்தாண்ட கஞ்சாவா? நாட்டுக்கு ஒரு சட்டம்தானே சார்?"

"அங்க போய்ப் பிடிபட்டிருக்கணும்," என்றார் அவர். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள்.

செல்வம்மாள் மெல்ல எழுந்தாள். "சாமி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நான் இதை..."

"உட்காரு! கேட்டா மட்டும் பேசு."

உட்கார்ந்துவிட்டாள். அனிதா அவளருகே போனாள். "எங்கம்மா அறுத்த?" என்று ஆரம்பிப்பதற்குள், "ஏம்மா, அக்யூஸ்ட்டோட பேசக் கூடாது. தள்ளு!" என்று அதற்கும் ஓர் அதட்டல்.

ஹரீஷ்குமாரின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் எஸ்.பி. ஆய்வுக்கு வருகிறார். சுவர்களுக்கு வெள்ளையடித்து, வாசலில் பிளீச்சிங் பவுடர் போட்டு, நிலையம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. காட்டுவதற்கு ஒரு பெரிய கேஸ்தான் பாக்கி. அது தானாகவே தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. விடுவாரா?

"ஏட்டு, எழுதுய்யா."

ஏட்டு தங்கதுரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஃபேன் சுற்றியும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சார், எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா..."

"எல்லாம் அப்புறம். முதல்ல எழுது."

"இல்லீங்க சார், இந்தம்மா..."

"தங்கதுரை! உனக்கும் சட்டம் சொல்லித் தரணுமா? இந்தம்மா மட்டும் இல்ல. அந்தச் செடி யாரு இடத்துல முளைச்சுதோ, அவனும் உள்ள போவான். தன் இடத்துல கஞ்சா வளர்றது தெரியலைன்னு ஒருத்தன் சொன்னா நம்பறதுக்கு நான் என்ன கேனையனா? இடத்துக்குப் பொறுப்பு யாரோ, அவன்தான் முதல் குற்றவாளி. அப்படியே எழுது!"

தங்கதுரை கீபோர்டில் கை வைத்தார். விரல்கள் நகரவில்லை.

அனிதாவுக்குப் பொறுக்கவில்லை. "எழுதுங்க சார், நல்லா எழுதுங்க! அந்த இடத்துக்காரனைப் பிடிக்க உங்களுக்கு துப்பு இருக்கான்னு நானும் பாக்கறேன். புல்லறுக்கிற பொம்பளைன்னா எடையில மண்ணைச் சேர்க்கறீங்க. இடம் வச்சிருக்கிறவன்னா கைகட்டி நிப்பீங்க. அவ்வளவுதானே?"

ஹரீஷ்குமாருக்கு முகம் சிவந்தது. மேஜையைத் தட்டினார்.

"எவனா இருந்தாலும் விடமாட்டேன். தளிப் பக்கம் தோட்டக்காரனா இருக்கட்டும், கட்சிக்காரனா இருக்கட்டும். ஏம்மா, இப்ப சொல்லு. பயப்படாம சொல்லு. எங்க அறுத்தே?"

கேட்டால் மட்டும் பேசச் சொன்னாரே என்று அத்தனை நேரம் காத்திருந்த செல்வம்மாள், கையைத் தூக்கி, புதுச் சுண்ணாம்பு காயாத பின்சுவர்ப் பக்கம் காட்டினாள்.

"இங்கதான் சாமி. உங்க ஸ்டேஷனுக்குப் பின்னாடி. பெரிய சாரு ஒரு புல்லுகூட இருக்கக் கூடாதுன்னுட்டாரு, வந்து வேரோட பிடுங்கிட்டுப் போன்னு இந்த ஏட்டய்யாதான் சொல்லி அனுப்புனாரு."

தங்கதுரை தலையைத் தூக்காமலே முணுமுணுத்தார். "பிடிச்சு வச்ச பழைய கஞ்சா மூட்டையெல்லாம் அங்கதான சார் கிடந்துச்சு. எலி கடிச்சு விதை கொட்டி, மழைக்கு முளைச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் சார் வெளிய கூப்பிட்டேன்."

ஹரீஷ்குமார் எழுந்து வந்தார். கட்டிலிருந்து ஒரு செடியை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது, பூவே இல்லியே? பூ இல்லாம எப்படிய்யா கஞ்சாவாகும்? சட்டம் படிச்சீங்களா இல்லியா நீங்கல்லாம்? கட்டைத் தூக்கி விடுங்கய்யா, அந்தம்மா வீட்டுல மாடு பசியில கத்தும்."