அரிக்கேன் வெளிச்சத்தில் ஒரு படம்

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

இருட்டியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும்.

"என்னடி அது? உங்க வீட்டுல எதுக்கோ தினமும் சாவி முறுக்குறாங்க!" பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"கேமரா, அக்கா. இவங்க சிநேகிதர் ஷௌகத் அலி மெட்ராஸ் ஸ்டுடியோவுல வேலை பார்க்கிறார், லீவுல வந்திருக்கார். இவங்க எப்படி வரையுறாங்கன்னு சினிமாவா எடுக்கிறார்," என்றாள் ஜுமைலா.

"நல்ல சினிமா! உன் மாப்பிள்ளை பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கார். அதைப் பிடிச்சு ஊருக்குக் காட்டப் போறாராக்கும். நீயும் அந்த ஆளுக்கு அரிசிப் பத்திரி சுட்டுப் போடு."

ஜுமைலாவுக்குச் சுருக்கென்றது. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

கண்காட்சிக்கு அனுப்பிய ஓவியங்கள் மொத்தமும் திரும்பி வந்த அன்று, அவள் கணவன் பரீத் அவற்றைக் காயல் தண்ணீரில் எறிந்தான். அதற்குப் பிறகு, இருட்டினால் சட்டையை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விடுவான். தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். கதவைத் தாழிடாமல், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவன் செருப்புச் சத்தத்துக்காக அவள் விழித்திருப்பாள்.

ஒரு நாள் அந்தச் சத்தம் வராமலே போய்விட்டால்?

அப்படிப்பட்டவனை உட்கார வைத்து வேடிக்கை காட்டுகிறார் இந்த மனிதர்!

உள்ளேயிருந்து ஷௌகத்தின் குரல் கேட்டது.

"மச்சான், அந்தத் தோணி சரியா விழலை. அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடு."

"நேத்தும் இதையேதானடா சொன்னே?"

"நேத்து உன் முழங்கை மறைச்சிடுச்சு. போடு, போடு. ஓடுது!"

கிர்ர்...

சாயா கொண்டுபோன ஜுமைலா ஒரு நிமிடம் நின்றாள். அறையில் இருந்தது ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. பரீத்தின் முகமே பாதிதான் தெரிந்தது. கான்வென்ட்டில் குரூப் போட்டோ எடுத்தபோது, சிஸ்டர் எல்லாரையும் கண் கூசக் கூச முற்றத்து வெயிலில் நிற்க வைத்தது ஞாபகம் வந்தது.

இந்த இருட்டில் இவர் என்னத்தை எடுக்கிறார்?

பரீத் தூரிகை கழுவக் கிணற்றடிக்குப் போனான். ஷௌகத் வாசலில் நின்று பீடி பற்றவைத்தார். அவள் கேமராவின் மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஷௌகத்திக்கா!" திரும்பி வந்தவரிடம் அவள் வெடித்தாள். "இதுல ஃபிலிமே இல்லையே! அவங்களை வெச்சு விளையாடறீங்களா?"

"மெதுவா, தங்கச்சி!" அவர் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டார். "இந்த விளக்குக்கு ஃபிலிம் போட்டாலும் எல்லாம் கறுப்பாத்தான் வரும்."

"பின்னே எதுக்கு இந்தக் கூத்து?"

"இந்த நேரத்துலதானே அவன் துறைக்குக் கிளம்புவான்? பெட்டி ஓடுற வரைக்கும் தூரிகையைக் கீழே வைக்க மாட்டான். எனக்கு வேற வழி தெரியலைம்மா. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. பொய்னு தெரிஞ்சா எழுந்து போயிடுவான்."

இந்த மனிதரையா அப்படி நினைத்தோம்?

"நாளைக்கும் வருவீங்கதானே, இக்கா?"

"லீவு முடிஞ்சுடுச்சு. காலையில மெட்ராஸுக்கு ரயில்."

அவர் விடைபெற்றுப் போய்விட்டார். பெட்டியும் போய்விட்டது. வீடு சத்தமில்லாமல் கிடந்தது.

பரீத் எழுந்தான். வாசல் பக்கம் நடந்தான்.

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவனை நிறுத்த ஏதாவது பேச வேண்டுமே.

"அந்தப் படத்தை... எப்போ காட்டுவாராம்?"

பரீத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

"எந்தப் படத்தை? அரிக்கேன் வெளிச்சத்துல ஃபிலிம்ல ஒண்ணும் விழாதுன்னு வரையுறவனுக்குத் தெரியாதா, ஜுமைலா?"

"தெரிஞ்சேவா உட்கார்ந்திருந்தீங்க?"

"ஒருத்தன் லீவு போட்டுட்டு வந்து, எனக்காகத் தினமும் காலிப் பெட்டிக்குச் சாவி முறுக்குறான். அவனை விட்டுட்டு எப்படி எழுந்து போறது? பாவம்னுதான் உட்கார்ந்தேன்." கான்வாஸைத் திரும்பிப் பார்த்தான். "இப்போ பார்த்தா, அந்தத் தோணி நிஜமாவே சரியா வரலை. நாளைக்கும் உட்காரணும்."

சொல்லிக்கொண்டே வாசலை நெருங்கிக் கதவைச் சாத்தினான். நாள்கணக்காகத் தொடாமல் கிடந்த தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான்.

கிர்ர்... என்று நகர்ந்து, டக்கென்று உள்ளே விழுந்தது.