ஒரே ஒருவர் கூப்பிடுகிறார்

"மேடம், ஊழியர்களோட முகவரியைச் சொல்ற பழைய சர்வீஸை மூடிடலாமா? புதுசு வந்த பிறகு எந்த புரோகிராமும் இதைக் கூப்பிடறதில்லை" என்றான் பொறியாளன்.

நிறுவனத்தின் மென்பொருள் சர்வீஸ்களுக்கெல்லாம் விதி வகுப்பவள் அவள். கைபேசியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"மூடிடுங்க. யாரும் கூப்பிடாதப்போ காத்துக்கிட்டு இருந்து என்ன ஆகப்போகுது?"

"ஒரே ஒருத்தர் மட்டும் கூப்பிடறார், மேடம். கிளை அலுவலகத்துலேருந்து. தினமும் காலையில ஒரே முகவரியைக் கேட்டுட்டுப் போயிடறார். வேலைவெட்டி இல்லாத மனுஷன் போல!"

"அப்ப அவர்கிட்ட சொல்லாம மூட முடியாதே."

"சொல்லணும். அதுவும் சர்வீஸுக்குப் பொறுப்பானவங்களே பேசிச் சொல்லணும். நீங்க போட்ட விதிதான். இதுக்குப் பொறுப்பும் நீங்கதான்" என்று சிரித்தான்.

"என் தலையிலேயே வந்து விடியுதா? சரி, யாரோட முகவரியைக் கேட்கறார்?"

திரையைப் பார்த்தவனின் சிரிப்பு நின்றது. "உங்களோடது, மேடம்."

கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு கணவன் கிளம்பிய அன்று, "நீங்க திரும்பி வர்றப்ப நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்று அவள் கத்தியிருந்தாள். அதன்பின் ஒரு போன்கூட வரவில்லை.

பொறியாளன் போனதும், விதிப்படி அவளே எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் கணவன் எடுத்தான்.

"அந்தப் பழைய சர்வீஸை இன்னிக்கு மூடறோம்" என்றாள். "இனிமே கேட்க வேணாம். அதே வீடுதாங்க. வந்துடுங்க."