கத்திரி படாத சட்டை

"கத்திரி வைக்காம, முழுசாவே தைக்க முடியுமாம்மா?"

பெரியவர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்து மேசைமேல் வைத்தார். இளமஞ்சள் கட்டம் போட்ட சட்டை. துவைத்துப் போட்ட இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

அவள் தயங்கினாள். பத்திரிகைக்காரர்கள் அவளைக் கலைஞர் என்று எழுதினாலும், யாராவது கேட்டால் தையல்காரி என்றுதான் சொல்லிக்கொள்வாள். காணாமல் போனவர்களின் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கி, அவர்கள் உடுத்திய பழந்துணிகளைக் கேட்டு வாங்கி, நாடா நாடாகக் கிழித்து, பழைய சாக்குகளிலிருந்து பிரித்த சணலோடு சேர்த்து நெய்திருந்தாள். இரண்டாள் உயரத் திரைச்சீலை. அடுத்த வாரம் கண்காட்சி.

"யாரோடது ஐயா?"

"பையனோடது."

"எப்பலேர்ந்து காணோம்?"

"அந்த வருஷம்தான்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அந்த வருஷம் என்றால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. போலீஸ் ஜீப்புகள் வந்தன. விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை.

அவளுடைய தம்பியும் அப்படிப் போனவன்தான். அப்போது அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள், வீட்டைச் சோதனை போட்டவர்கள் அவனுடைய துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் வாசலில் குவித்துக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஊரார் துணியையெல்லாம் சேர்த்தவளுக்குச் சொந்தத் தம்பியின் துணி ஒரு சாண் கிடைக்கவில்லை. அதனால் திரைச்சீலையின் நடுவில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

"பேப்பர்ல படிச்சேன்," என்றார் பெரியவர். "உங்க தம்பிக்குன்னு நடுவுல காலியா விட்டிருக்கீங்களாமே. படம்கூடப் போட்டிருந்தாங்க."

"ஆமா."

"அந்த இடத்துல இதை வைக்கலாமா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது.

"வீட்டுல வெச்சுக்க முடியலைம்மா. தூக்கிப் போடவும் கை வர மாட்டேங்குது. பீரோவைத் திறந்தா அது என்னையே பாக்குது."

அவள் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

கண்காட்சிக்கு நல்ல கூட்டம். அழுதவர்கள் உண்டு. கிழிந்த நாடாவில் தங்கள் வீட்டுப் பூப்போட்ட சேலையைக் கண்டுபிடித்து, அதைத் தடவிக்கொண்டே நின்றவர்கள் உண்டு. ஒரு பணக்கார அம்மாள் மட்டும், "எங்க சோபாவுக்கு மேல அம்சமா இருக்கும். இதே மாதிரி நீலத்துல செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டாள். "நீலச் சட்டைக்காரங்க இன்னும் நாலு பேர் தொலையணும்மா," என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

பெரியவர் தினமும் வந்தார். சட்டைக்கு நேர் எதிரே முக்காலியைப் போட்டு உட்காருவார். யாரோடும் பேச மாட்டார். அவள்தான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவாள்.

"கடைசியா எப்ப பாத்தீங்க ஐயா?"

"கடைசியா பாத்தது நான்தாம்மா. தண்ணி கேட்டான். சும்மா இருடான்னு அதட்டிட்டு இந்தப் பக்கம் வந்துட்டேன். ஒரு டம்ளர் தண்ணி. குடுத்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

தேநீரைக் குடிக்காமலே அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எல்லா வீட்டுலயும் நடக்கறதுதானே ஐயா? பெத்தவங்க அதட்டாம வேற யாரு அதட்டுவா? அதைப் போட்டு மனசை வதைச்சுக்காதீங்க. எங்கப்பா உசுரோட இருந்திருந்தா அவரும் இப்படித்தான் புலம்பிக்கிட்டு இருந்திருப்பார்."

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"உங்கம்மா வரலையா?"

"வர மாட்டாங்க. செத்தவங்க துணிக்கு நடுவுல எம்பிள்ளைக்கு என்னடி வேலைன்னு சண்டைக்கு வர்றாங்க. அவன் வந்து தட்டுவான்னு இன்னும் வாசற்கதவுக்குத் தாழ் போடறதில்லை."

பெரியவர் நிமிர்ந்து சட்டையைப் பார்த்தார்.

"எப்படியாவது கூட்டிட்டு வாங்கம்மா," என்றார். "ஒரு தடவை பாத்துட்டாங்கன்னா நல்லது."

கடைசி நாளன்று அம்மா வந்தாள். மகள் கால் பிடிக்காத குறையாகக் கெஞ்சியதால் வந்தாள். முழங்கால் வலியோடு திரைச்சீலையின் ஓரமாகவே விந்தி விந்தி நடந்தாள்.

"இத்தனை நல்ல துணியையும் கிழிச்சு வெச்சிருக்கியேடி பாவி. கட்டிக்கத் துணியில்லாம எத்தனை பேர் இருக்காங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், நடுவில் சட்டென்று நின்றாள்.

"அது அந்த ஐயாவோட பையன் சட்டைம்மா," என்றாள் மகள்.

அம்மாவின் காதில் அது விழவில்லை. சட்டையின் முன்பக்கத்தை விலக்கி உள்ளே கைவிட்டாள். விரல்கள் எதையோ தேடின. உள்பக்கம் ஒட்டுத்துணியில் தைத்த ஒரு சின்னப் பை இருந்தது. அதைக் கண்டதும் அம்மாவின் வாய் கோணியது.

"பஸ்ல காசு அடிச்சிடுவாங்கன்னு... நான்தாண்டி தைச்சுக் குடுத்தேன்," என்றாள். "இன்டர்வியூக்குன்னு எடுத்தது. ஒரே ஒரு நாள்தான் போட்டான். இந்தச் சட்டையோடதாண்டி எம்புள்ளையை ஜீப்புல ஏத்தினாங்க."

மகள் திரும்பினாள். பெரியவர் எழுந்து நின்றிருந்தார்.

"ஐயா... உங்க பையனோடதுன்னு..."

"எனக்குப் பிள்ளைங்களே கிடையாதும்மா," என்றார் அவர். "அன்னிக்கு ராத்திரி லாக்கப் சாவி என்கிட்டதான் இருந்துச்சு."