மூன்றாவது கரு

உறைய வைத்திருந்த மூன்று கருக்களில் இரண்டு தங்கவில்லை. மூன்றாவதின் தரம் குறைவு என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "வெச்சுப் பார்க்கலாம். இல்லேன்னா இதை விட்டுட்டு முதல்லேர்ந்து தொடங்கலாம். நீங்கதான் சொல்லணும்."

நான்கு வருஷமாக எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்றே சொல்லி அமுதவல்லியை எரிச்சலூட்டிய கதிரேசன், இன்று தொண்டையைச் செருமினான்.

"தங்குமான்னு தெரியாது வல்லி. ஆனா நம்ம வீட்டைக்கூடப் பார்க்காம அதை அனுப்ப எனக்கு மனசு வரலை. நாலு நாள் இருந்துட்டுப் போனாலும் போகட்டும். உன்னால முடியும்னா மட்டும்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கையெழுத்துப் போட்டாள்.

மறுமாதம் கருவை வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் கதிரேசன் முன்னால் ஓடிக் கதவைத் திறந்தான். பட்டப்பகலில் எல்லா விளக்குகளையும் போட்டான்.

"இது கூடம்," என்றான், அவள் வயிற்றைப் பார்த்து. "இது அடுப்படி. இந்த ஜன்னல்ல நல்லா காத்து வரும்."

அவனோடு ஒவ்வொரு அறையாக நடந்த அமுதவல்லி, மாடிப்படி அருகில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மொட்டைமாடியை நாளைக்குக் காட்டலாங்க. எல்லாத்தையும் இன்னிக்கே காட்டிட்டா எப்படி?"