இரண்டாம் பாகத்தைக் கிழித்த ஆடு

தியேட்டர் சுவரில் ஒட்டும் போஸ்டரையெல்லாம் தின்றுவிடும் ஆடு, ஒரு கார்ட்டூன் படத்துப் போஸ்டரை மட்டும் தொட்டதில்லை. கதவிடுக்கு வழியாக ஏழு முறை பார்த்த படம். அதில் வரும் குட்டி யானை என்றால் ஆட்டுக்கு உயிர்.

ஒருநாள் அந்தப் போஸ்டர் மேலேயே இரண்டாம் பாகத்தின் போஸ்டரை ஒட்டினார்கள். ஆடு ஆசையாக ஓடிப்போய்க் கதவிடுக்கு வழியாகப் படத்தைப் பார்த்தது. யானை நடந்தால் கால் தரையில் படவில்லை. அம்மாவைத் தொலைக்கும் காட்சியில் குத்தாட்டம் போட்டது.

சுவருக்குத் திரும்பி வந்த ஆடு புதுப் போஸ்டரைப் பல்லால் இழுத்தது. படம் மாதிரியே பசையும் தண்ணியாக இருந்ததால் லேசாக உரிந்தது.

"அவ்வளவு பசியா?" என்றது மதில்மேல் இருந்த காகம்.

"பசியில்ல. அடியில என் யானை மூச்சுமுட்டிக் கிடக்கு."

"நாளைக்கு மறுபடி ஒட்டுவாங்களே?"

"ஒட்டட்டும். எனக்கு நாளைக்கும் பல் இருக்கும்."